மாடிப்படிக்குக் கீழே வசந்தம்

அக்கா என்னை அமெரிக்காவுக்கு அனுப்பியது வசந்தம் பார்க்க அல்ல. அவள் மகள் வித்யாவுக்கு ஏழாம் மாதம். டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கிறாள். அக்காவுக்கு விசா நேர்காணலுக்குக் கிடைத்த தேதியில் அந்தக் குழந்தை தவழவே ஆரம்பித்திருக்கும். என்னிடம் பழைய விசா ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. "தாய்மாமன் நீதானே, நீயே போய் வளையல் போட்டுட்டு வா" என்றாள். ஐந்து டஜன் கண்ணாடி வளையல்களை என் வேட்டிகளுக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். திண்டுக்கல் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எமகண்டத்துல மட்டும் போட்டுடாதேடா."

போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. "போன தடவை" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திக்கொள்வோம்.

நான் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன். ஐம்பத்து மூன்று வயதாகிறது. கவிதையா உரைநடையா என்று எனக்கே தெரியாத ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டு திரிகிறேன். வளைகாப்புக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கிளம்பினேன். ஜெர்சி சிட்டியில் கல்லூரி நண்பன் சேகர், கலிஃபோர்னியாவில் அத்தை மகள் மாலதி, கடைசியில் வித்யா என்று திட்டம். நாடு ஒன்று, பருவமும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று ஒரே ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போனேன். அந்த ஒற்றை ஸ்வெட்டரின் அறியாமையை மூன்று ஊர்களும் மாறி மாறித் திருத்தின.

ஜெர்சி சிட்டியில் இறங்கிய அன்று வெயில் பாலில் நனைத்த துணி மாதிரி இருந்தது. சேகரின் குடியிருப்புக்குக் கீழே ஒரு மக்னோலியா மரம், இலை ஒன்றுகூட இல்லாமல் உடம்பு முழுக்கப் பூத்திருந்தது. இலைக்கு முன்னால் பூ. இந்த அவசரம் எனக்கு உடனே பிடித்துப்போனது. "பார்த்துக்கோ, நாளைக்கு இருக்காது" என்றான் சேகர். கவிஞனைச் சீண்டுகிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் பனி. தரையெல்லாம் வெள்ளை. பூக்கள் எல்லாம் வெந்துபோன கத்தரிக்காய் நிறத்தில் தொங்கின. ஒரே இரவு.

"இங்க ஸ்பிரிங்குங்கிறது என் வேலை மாதிரி" என்றான் சேகர். அவன் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதும் ஒப்பந்த ஊழியன். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை எக்ஸ்டென்ட் பண்ணுவான். ஆரம்பிச்சிடுச்சுன்னு கோட்டைத் தூக்கி உள்ள வச்சேன்னு வை, அன்னிக்கே திரும்ப வந்து நிக்கும். நான் மே மாசம் வரைக்கும் கோட்டை உள்ள வைக்கிறதே இல்லடா."

அவன் கோட்டை எனக்குப் போட்டுவிட்டு அவன் இரண்டு சட்டை போட்டுக்கொண்டான். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் நடந்தோம். நடைபாதைப் பனி மேலே சக்கரை, அடியில் கண்ணாடி. ஒரு தோசைக்கடைக்குள் நுழைவதற்குள் இரண்டு முறை விழப் பார்த்தேன். சாம்பார் நன்றாக இருந்தது. சேகர் சாப்பிடும்போதும் கைப்பேசியில் வானிலையைத் திறந்து திறந்து மூடினான். நம் ஊரில் மனிதர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இங்கே குனிந்து பார்க்கிறார்கள்.

மாலையில் மன்ஹாட்டன் போக ரயில் ஏறினோம். ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கத்தில் ரயில் நின்றுவிட்டது. பத்து நிமிஷம் இருக்கும். யாரும் தலை தூக்கவில்லை. என் தலைக்கு மேலே ஓர் ஆறு ஓடுகிறது, அந்த ஆற்றின் மேல் பனி பெய்கிறது, நான் அதற்குக் கீழே நிற்கிறேன் என்ற நினைப்பு வந்ததும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். எதிரே ஒரு பெண்மணி தன் குழந்தையிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ரயில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்குது கண்ணா, அவ்வளவுதான்." அந்தப் பொய்யை நானும் கடன் வாங்கிக்கொண்டேன். ரயில் நகர்ந்தது.

அன்றுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. நம் ஊரில் கோடை வரும்போது, வந்துவிட்டேன் என்று சொல்லி வரும். இங்கே வசந்தம் வருகிறதா போகிறதா என்று தெரியாமலே நடுவாசலில் நிற்கிறது.

கலிஃபோர்னியாவில் மாலதியின் வீடு ஃப்ரீமான்ட்டில். வீட்டுக்குப் பின்னால் மலைகள். இப்படி ஒரு பச்சையை நான் கேரளத்தில்கூடப் பார்த்ததில்லை. புல்லின் மேல் காற்று ஓடுவது, பூனை முதுகை யாரோ தடவிக்கொடுப்பது மாதிரி. தோட்டத்தில் எலுமிச்சை மரம், காய் காயாய்த் தொங்கியது. மதியம் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். வெயிலில் உட்கார்ந்தால் சுட்டது. நிழலுக்கு நகர்ந்தால் குளிர்ந்தது. அதே நாற்காலி, இரண்டடி தள்ளி இரண்டு பருவம்.

ஒரு நாள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அழைத்துப் போனார்கள். பாலம் தாண்டும்போது மூடுபனி வந்து காரை விழுங்கியது. கடற்கரையில் பல் தந்தியடித்தது. திரும்பி வந்தால் ஃப்ரீமான்ட்டில் பையன்கள் அரைக்கால் சட்டையோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "இங்க ஒவ்வொரு மலைக்கும் தனி மாசம்டா" என்றாள் மாலதி. அவளும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இன்னமும் வாடா போடாதான்.

இங்கேயாவது பயமில்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். மலைகளைப் பார்த்து ஏதோ இரண்டு வரி சொன்னேன். மாலதி சிரிக்கவில்லை.

"அழகா இருக்குன்னு சொல்லாதடா. இந்த வருஷம் மழை ஜாஸ்தி. மழை ஜாஸ்தின்னா புல்லு ஜாஸ்தி. ஜூன்ல இது அத்தனையும் காய்ஞ்சு மஞ்சளா நிக்கும். ஒரு பொறி போதும்."

வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு முதுகுப்பை தொங்கியது. பிரித்துக் காட்டினாள். பாஸ்போர்ட்டுகள், வீட்டுப் பத்திரம், இரத்த அழுத்த மாத்திரை, டார்ச் விளக்கு, ஒரு டப்பா பருப்புப்பொடி.

"பருப்புப்பொடி எதுக்கு?"

"நெருப்பு வந்து எல்லாரையும் ஸ்கூல் ஜிம்ல கொண்டுபோய் வச்சா நாலு நாள் ரொட்டிதான் குடுப்பான். போன தடவை பட்டாச்சு."

மாலதியின் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அவ வீடு எரியுதேன்னு பயப்பட மாட்டா, சோத்துக்குத் தொட்டுக்க இல்லையேன்னுதான் பயப்படுவா."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று முதல் அந்த மலைகளை என்னால் வெறும் பச்சையாகப் பார்க்க முடியவில்லை. அது நெருப்பு முளைத்துவரும் நிறம் என்று தோன்றியது.

டெக்சாஸில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் ஈரக் காற்று அறைந்தது. சட்டை உடனே முதுகில் ஒட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வித்யாவின் கணவன் பிரபு பெட்டியை வாங்கிக்கொண்டான். ஈரோட்டுப் பையன், ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, எதையும் மெதுவாகத்தான் சொல்வான்.

"மாப்பிள்ளை, அப்படியே நம்ம ஊர்ப் புழுக்கம்! இதுதாங்க வசந்தம். மத்ததெல்லாம் சும்மா."

"இந்தப் புழுக்கத்துக்குத்தாங்க மாமா இங்க எல்லாரும் பயப்படறது" என்றான் பிரபு. "தெற்க கடல்ல இருந்து இது வந்து நிக்கும். வடக்க இருந்து ஒரு குளிர்காத்து வந்து இது மேல மோதுச்சுன்னா ஆலங்கட்டி, டொர்னேடோன்னு சுழல்காத்து எல்லாம் வருமுங்க. ஏப்ரல், மேன்னாலே நாங்க ஃபோனைக் கீழ வைக்கிறதில்ல."

ஃப்ரீவே ஓரமெல்லாம் நீலப் பூக்கள். காரை ஓரம் கட்டி, குழந்தைகளைப் பூவுக்குள் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரபு சொன்னதை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. பழகிய வெப்பம் ஒரு மனிதனை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதை அப்போது அறியேன்.

வித்யா கதவைத் திறந்தாள். வயிறு முன்னால் வர, அவள் பின்னால் வந்தாள். "மாமா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டவள் கொஞ்ச நேரம் விடவில்லை. வளைகாப்புக்கு யாரையும் பெரிதாக அழைக்கவில்லை என்றாள். "போன தடவை நாற்பது பேருக்குச் சொல்லி..." என்று நிறுத்தினாள். இந்த முறை இரண்டு பேர்தான். அடுத்த தெருவிலிருந்து லலிதா ஆன்ட்டி, சுகர் லேண்டிலிருந்து வித்யாவின் கல்லூரித் தோழி கோமதி. கோமதியோடு அவள் மகள் ரியாவும் வருவாள், எட்டு வயது.

லலிதா ஆன்ட்டி மறுநாளே வந்து காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். மயிலாப்பூர்க்காரர், முப்பது வருடமாக டெக்சாஸ். முதல் காப்புக்கு வேப்பிலை வேண்டும். அவர் வீட்டுத் தொட்டியில் ஒரு வேப்பஞ்செடி இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அது அவரோடு வீட்டுக்குள் டிவி பார்க்குமாம். போன வாரம்தான் வெளியே வைத்திருக்கிறார். "கொழுந்து விட்டிருக்கு, நல்ல சகுனம்" என்றார்.

நேரம் குறிப்பதில்தான் தகராறு வந்தது. தகராறு செய்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை. எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. கோமதி சுகர் லேண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வர வேண்டும், பன்னிரண்டுக்கு முன்னால் வர முடியாது. "ஒண்ணரை தாண்டினதும் ஆரம்பிச்சிடலாம்" என்றார் ஆன்ட்டி.

"ஆன்ட்டி, நீங்க போன மாசம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சீங்களே?"

"ஆமா, டேலைட் சேவிங். வெயில் காலத்துக்காக வருஷா வருஷம் பண்றதுதானே."

"எமகண்டம் சூரியனை வச்சுப் போட்ட கணக்கு. சூரியன் தள்ளி வச்சுக்கலையே. அப்ப இங்க ஒண்ணுலேர்ந்து ரெண்டரை வரைக்கும் எமகண்டம்."

ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷமா இங்க எத்தனை கல்யாணம், எத்தனை சீமந்தம்! யாரும் இதைக் கேட்டதில்லப்பா. காலண்டர்ல போட்ட மணிதான்."

எனக்கு நேரம் காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாதவன் கணக்கில் ரொம்பக் கறாராக இருப்பான். அக்கா வாசலில் நின்று சொன்னது வேறு காதில் இருந்தது. விடாமல் வாதாடி இரண்டரை என்று முடிவு செய்ய வைத்தேன். வாதத்தில் ஜெயித்த திருப்தி, வெட்கமாக இருக்கிறது சொல்ல, அன்று முழுவதும் இருந்தது.

பிரபு ஒரே ஒரு முறை சொன்னான். "மாமா, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மேல வெதர் சரியில்லைன்னு காட்டுதுங்க. முன்னாடியே முடிச்சுட்டா நல்லாருக்கும்."

"மூணு மணிக்கு மேலதானே மாப்பிள்ளை? ரெண்டரைக்குப் போட ஆரம்பிச்சா மூணுக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன். வானத்துக்கு நானே கால அட்டவணை போட்டுக்கொடுத்தேன்.

ஞாயிறு காலை வெயில் வெள்ளையாக இருந்தது. காற்றே இல்லை. ஆன்ட்டி ஏழு வகை சாதம் கிளறினார். கோமதி ஒரு மணிக்கு வந்தாள். ஃப்ரீவேயில் விபத்தாம், கார்கள் எறும்புபோல ஊர்ந்ததாம். ரியா தமிழில் கேட்பாள், ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வித்யா அரக்கு நிறப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டரைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் தாம்பாளத்தைப் பார்த்தேன். வெற்றிலை ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"மாப்பிள்ளை, நேரம்தான் இருக்கே. கடையில நல்ல வெத்தலையா ரெண்டு கட்டு வாங்கிட்டு வந்துடுங்களேன்."

பிரபு ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். பிறகு வித்யாவைப் பார்த்தான். "இருபது நிமிஷம்தாங்க, போயிட்டு வந்தர்றேன்" என்று சாவியை எடுத்தான்.

மணி இரண்டைத் தாண்டியபோது பறவைச் சத்தம் நின்றது. முதலில் கவனிக்கவில்லை. பிறகு அந்த மௌனம் காதில் அடைத்தது. பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வடமேற்கில் வானம் பச்சையாக இருந்தது. கறுப்பு இல்லை, பச்சை. பழைய தாமிரச் செம்பின் அடியில் பிடிக்குமே, அந்தக் களிம்பு நிறம். திண்டுக்கல்லில் கோடை மழைக்கு முன் வானம் கறுக்கும், மண் மணக்கும், நாம் துணி எடுக்க மாடிக்கு ஓடுவோம். அங்கே மணமே இல்லை. காற்று குளிர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது.

உள்ளே எல்லாருடைய கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. மணியடிப்பது போல அல்ல, மிருகம் கத்துவது போல. ஆன்ட்டி அகப்பையைப் போட்டுவிட்டு வந்தார். "டொர்னேடோ! எல்லாரும் க்ளாசெட்டுக்குள்ள வாங்கோ!"

இந்த ஊர் வீடுகளில் பாதாள அறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே சாமான் போடும் சின்ன அறைதான் தஞ்சம். ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். துடைப்பான், சூட்கேஸ்கள், அரிசி மூட்டை, கொலுப் பொம்மைப் பெட்டி எல்லாவற்றையும் நானும் கோமதியும் வெளியே இழுத்துப்போட்டோம். வித்யா நகரவில்லை. கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள்.

"ரிங் போகுது மாமா. எடுக்க மாட்டேங்கறாரு."

"உள்ள வாம்மா முதல்ல."

"எடுக்க மாட்டேங்கறாரு மாமா."

அவளை ஆன்ட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கி உள்ளே கொண்டுபோனோம். ஐந்து பேர். முழங்காலை மடக்கினால்தான் கதவு சாத்த முடிந்தது. கோமதி, "முருகா, முருகா" என்று ஆரம்பித்தாள். அத்தனை பேரில் நிதானமாக இருந்தவள் ரியா மட்டும்தான். அவள் ஆங்கிலத்தில், வகுப்புத் தலைவி மாதிரி சொன்னாள்: "எல்லாரும் சுவரைப் பார்த்துக் குனியணும். இரண்டு கையும் கழுத்துக்குப் பின்னாடி. நாங்க ஸ்கூல்ல பண்ணுவோம். ஹெல்மெட் இருக்கா? பேபி இருக்கிறவங்க கட்டாயம் போடணும்."

கதவின் உட்புறத்தில் ஆணியில் பிரபுவின் சைக்கிள் ஹெல்மெட் தொங்கியது. ரியா அதை எட்டி எடுத்து வித்யாவின் தலையில் கவிழ்த்தாள்.

"பூவை எடுக்காம ஹெல்மெட்டாடி?" என்றார் ஆன்ட்டி.

"பாட்டி, ஹெட் டவுன்!" என்றாள் ரியா. ஆன்ட்டி குனிந்தார்.

விளக்கு அணைந்தது. முதலில் கூரையில் ஒரு கல். பிறகு நான்கைந்து. பிறகு லாரி லாரியாக யாரோ ஜல்லி கொட்டினார்கள். ஆலங்கட்டியைச் சின்ன வயதில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், வாயில் போட்டுச் சப்பினோம். இது அந்தப் பொருள் இல்லை. எங்கோ கண்ணாடி உடைந்தது. வீடு ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்தது, காது அடைத்தது. ரயிலுக்கு அடியில் படுத்திருப்பது போல ஒரு உறுமல் தரை வழியே வந்து முழங்காலில் ஏறியது.

இருட்டில் வித்யா என் சட்டையைப் பிடித்திருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. "அவரு கார்ல இருக்காரா, கடைக்குள்ள இருக்காரா? மாமா, கார்ல இருந்தா என்ன பண்ணுவாரு?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நான்தான் அனுப்பினேன். அவள் அதைச் சொல்லவில்லை. கறுத்த வெற்றிலை, ஒரு மணி நேரம் தள்ளி வைத்த நல்ல நேரம், வாதத்தில் ஜெயித்த என் வாய். ஒன்றரைக்கு ஆரம்பித்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்து, பிரபு இந்த அறையில் எங்களோடு நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இருபது நிமிஷம் இருக்கும். சத்தம் வந்த மாதிரியே போனது. கதவைத் திறந்தால் வெயில்.

அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஒன்றும் நடக்காதது போல மஞ்சள் வெயில். புல்வெளியெல்லாம் எலுமிச்சை அளவில் பனிக்கட்டிகள் மின்னின. பின்வேலி ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. மாடி ஜன்னல் ஒன்று இல்லை, அதன் கண்ணாடி கூடம் வரை சிதறிக் கிடந்தது. மின்சாரம் இல்லை. கைப்பேசியில் சிக்னல் கோடுகள் இல்லை.

வித்யா கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், கையை நகர்த்தி இன்னொரு இடத்தில் வைத்தாள்.

"ஆன்ட்டி, அசையல."

ஆன்ட்டி ஃப்ரிட்ஜிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் எடுத்துவந்து குடிக்க வைத்தார். தரையில் பாய் போட்டு இடது பக்கமாகப் படுக்க வைத்தார். "பயந்துண்டு சுருண்டிருக்கும். அதுக்கும் நாழி வேணும்டி" என்று அவள் முதுகைத் தடவினார். ரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அங்கே நிற்கத் துணிவில்லை. தெருவுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டு வயதான அமெரிக்கர் தன் கூரை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமா என்றார். எங்கே தாக்கியது என்று கேட்டேன். "ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம். கடைகள் இருக்கிற பக்கம் தரையைத் தொட்டதாம். ரேடியோவில் சொன்னார்கள்." என் முகத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தார். "யாராவது அங்கே போயிருக்கிறார்களா?"

தெருமுனை வரை நடந்தேன். ஒரு தீயணைப்பு வண்டி போனது. இன்னொன்று போனது. அக்காவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைக்க ஆரம்பித்தேன். முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒரு வாக்கியம் வரவில்லை.

திரும்பி வந்தபோது கோமதி வாசலில் நின்றாள். "அண்ணா, உதைக்குது. ரியா கையிலயே உதைச்சிடுச்சு." உள்ளே ரியா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்யா படுத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வருவதற்கு இடமில்லை. "அவரு?" என்றாள். நான் தலையாட்டினேன், அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது.

இன்னும் ஒன்றேகால் மணி நேரம் அப்படியே போனது. அந்த நேரத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது.

யாரோ ஒருவரின் பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றது. பின்தட்டில் ஐந்தாறு பேர். அதிலிருந்து பிரபு இறங்கினான். முழங்கையில் ஒரு துணி கட்டியிருந்தது. வித்யா எழுந்து போன வேகத்தில் ஆன்ட்டி கத்தினார். வாசல் பாதையில் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்று அவள் அவனை இரண்டு கையாலும் அடித்தாள். தோளில், மார்பில். அவன் தடுக்கவில்லை. பிறகு அவன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஹெல்மெட் அவன் தாடையில் இடித்துக்கொண்டே இருந்தது.

கடைக்காரர் எல்லாரையும் பின்னால் இருந்த குளிர் அறைக்குள் தள்ளியிருக்கிறார். தயிர் வாளிகளுக்கும் கொத்தமல்லிக் கட்டுகளுக்கும் நடுவே இருபது பேர் நின்றிருக்கிறார்கள். ஃபோன் காரில். கார் இரண்டு கடை தள்ளிக் குப்புறக் கிடந்ததாம். இதையெல்லாம் அவன் வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னான். கடைசியில் என்னைப் பார்த்து, "வெத்தலையை விட்டுட்டேனுங்க மாமா" என்றான்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "காப்பி ஏதாச்சும் கிடைக்குங்களா?" என்று அவன் உள்ளே போய்விட்டான். மன்னிப்புக் கேட்க விடாமல் போவது ஒருவன் இன்னொருவனுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

வளையல்களைப் போட்டோம். நாற்காலியில் கண்ணாடித் தூள் கிடந்ததால் மாடிப்படியில் வைத்தே போட்டோம். நான் மணியைப் பார்க்கவில்லை. ஆன்ட்டி பார்த்தார். ராகுகாலம் என்று முணுமுணுத்துவிட்டு, கைப்பேசியை மறுபடி பார்த்துவிட்டு, அதைத் திண்டில் குப்புற வைத்துவிட்டு, வேப்பிலைக் காப்பை எடுத்தார். ஏழு வகை சாதம் ஆறிப்போயிருந்தது. எல்லாரும் பேயாய்ச் சாப்பிட்டோம். ரியா தயிர் சாதம் மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

ஆறரைக்குக் கோடுகள் திரும்பின. அடுத்த நிமிஷமே அக்காவின் அழைப்பு. அங்கே விடியற்காலை ஐந்து. படம் ஒன்றுகூட வரவில்லையே என்று இரவெல்லாம் தூங்கவில்லையாம்.

"நெட்வொர்க் இல்லக்கா. நல்லபடியா முடிஞ்சது."

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஏசி குளிர்."

"அங்க மழை கிழை ஏதாவதா?"

"லேசா" என்றேன். மாடியில் உடைந்த ஜன்னலுக்குப் பிரபு அட்டை வைத்து ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. சத்தம் அங்கே போகாமல் இருக்க கைப்பேசியின் பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அக்கா கொஞ்சம் தயங்கினாள். எனக்குத் தெரியும், எதைக் கேட்கப் போகிறாள் என்று. கேட்டாள். "எமகண்டம் இல்லாம நேரம் பார்த்துத்தானேடா போட்டே?" அறையில் எல்லாருக்கும் அந்தக் கேள்வி கேட்டிருந்தது. பாயில் சாய்ந்திருந்த வித்யா கையை நீட்டினாள். கைப்பேசியைக் கொடுத்தேன்.

"ஆமாம்மா" என்றாள் வித்யா. என் பக்கம் திரும்பவில்லை. "மாமா நேரம் பார்த்துத்தாம்மா எல்லாம் செஞ்சாரு."